ஊமத்தை பாலத்தில் நிற்கிறாள்

"பாலம் முழுசா இருக்கா, நடுவுல இடிஞ்சிருக்கா? அதை முதல்ல சொல்லு" என்று மங்கை கேட்டபோது ஜெயசீலிக்கு ஒரு கணம் எந்தப் பாலம் என்றே விளங்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெயை மங்கை ஒரு பழைய பேப்பரில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்றது. எதிரில் யூசுப், வாரம் முழுக்கப் பொன்மலைப் பணிமனையில் ரயில்பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் இந்த உறையூர் வீட்டுக்கு வந்து இரும்பனாக மாறிவிடுகிறவன், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு காத்திருந்தான். பாலம். ஆமாம், பாலம். அவளே கட்டிய பாலம். இந்த உலகமே அவள் கட்டியதுதான், இல்லை, அவள் அழித்தது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் கோடையில் பொழுது போகாமல் யோசித்தது: சூரியன் ஒரு நாள் செம்பு நிறமாகி, வானத்திலிருந்து உப்பு பெய்து, இயந்திரமெல்லாம் ஒரே மூச்சில் செத்துப்போன பிறகு மிஞ்சியவர்களின் உலகம். மரங்கள் வாய் திறந்து பேசும். கரையான்கள் கன்றுக்குட்டி அளவு வளர்ந்து மரத்தை விட்டுவிட்டு இரும்பைத் தின்னும். ஜெயசீலி கதையைச் சொல்வாள். மற்ற இரண்டு பேரும் அதற்குள் வேறு ஆட்களாக நடந்து, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சரான மங்கை, ஒரு பிள்ளையைக் கூடக் கை நீட்டி அடிக்காதவள், இந்த மேசைக்கு வந்துவிட்டால் ஊமத்தை. விஷமும் மருந்தும் தெரிந்த நெட்டைப் பெண். மூன்று அரசர்களுக்கு விஷம் வைத்திருக்கிறாள். "முழுசா இருக்கு" என்றாள் ஜெயசீலி, குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஆனா கைப்பிடியை எல்லாம் கரையான் தின்னுடுச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்ல. கீழ ஆறு இல்ல, உப்பு. வெள்ளையா, கண்ணு கூசற மாதிரி உப்பு." சொல்லும்போதே நினைத்தாள்: குரல் சரியாகத்தான் இருக்கிறது. நடுங்கவில்லை. உள்ளூர் வானொலியில் இத்தனை வருஷம் விபத்தையும் வெள்ளத்தையும் மரணத்தையும் வாசித்த குரல், அதற்கு நடுங்கத் தெரியாது. ஆனால் மங்கை அந்தக் குரலைக் கல்லூரி நாளிலிருந்து கேட்கிறவள். சரியாக இருப்பதே அவளுக்குத் தப்பாகத் தெரிந்துவிடுமோ?

காலையில் பத்தரை இருக்கும், தியாகு போன் செய்தான். மங்கையின் கணவன்; அவன், மங்கை, ஜெயசீலி மூன்று பேரும் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பின்னால் காற்றின் இரைச்சல், மொட்டை மாடியில் நின்று பேசுகிறான் என்பது தெரிந்தது. "சீலி, ரிப்போர்ட் வந்துடுச்சு" என்றான். அப்புறம் காற்று மட்டும்தான் கேட்டது. அதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, இருந்தாலும் "என்னன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள், ஏனென்றால் கேட்க வேண்டும். மங்கையின் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி. வலியில்லாத கட்டி. போன வாரம் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். லிம்போமாவாம். தியாகு அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படிப்பது போலச் சொன்னான். மருந்து இருக்கு, குணமாக்கலாம், ஆனால் உடனே வரணும் என்று டாக்டர் சொன்னாராம். "அவகிட்ட புதன்கிழமைதான் வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ அண்ணன் பெங்களூர்லேர்ந்து செவ்வாய்க்கிழமை வந்துடுவார். அவர் வந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம். நீ ஒண்ணும் காட்டிக்காதே. இன்னிக்கு ஆட்டம் இருக்குல்ல? வா. வரலைன்னா சந்தேகப்படுவா." சரி என்றாள். சரி என்றுதான் வாயில் வந்தது. வைக்கப்போகும் நேரத்தில் அவன் இன்னொன்று சொன்னான், குழந்தை கேட்பது போல: "சீலி, கதை உன் கையிலதானே இருக்கு? இன்னிக்கு ஒரு நாள் அவளை ஜெயிக்க வெச்சிடேன்." அதற்கும் சரி என்றாள். அதற்கப்புறம் குளித்தாள், சாப்பிட்டாள், பேருந்தில் ஏறினாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உறையூரில் இறங்கினாள்; இதெல்லாம் நடந்ததற்கு அத்தாட்சியாக இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் திறந்தது மங்கை. "என்னடி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? வெயிலா?" "வெயில்தான்." முதல் பொய். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால்தான் இப்போது உள்ளங்கை வேர்க்கிறது.

அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு பரீட்சை அட்டைகள், துணி கிளிப்பால் சேர்த்துக் கூரை மாதிரி நிறுத்தியவை. அதற்குப் பின்னால் வரைபடம், அடுத்து என்ன வரும் என்ற குறிப்பு, அவளுடைய பகடைகள். விளையாடுகிறவர்கள் பார்க்கக் கூடாததை மறைக்க ஒரு மறைப்பு. இத்தனை நாள் அதை அவள் யோசித்ததே இல்லை, இன்று மட்டும் அது உயரம் போதாததாகத் தெரிந்தது. தன் முகம் முழுக்க அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. "அந்தக் கரையில என்ன இருக்கு?" என்றான் யூசுப். "ஒரு கோபுரம் தெரியுது. அதுல ஒரு மணி. அதை அடிச்சா கரையான் எல்லாம் தூங்கிடும்னு வழியில அந்தப் புளியமரம் சொல்லிச்சே." "அதுவரைக்கும் பாலத்துல ஒண்ணும் வராதா?" "நடந்து பாரு" என்றாள், சிரித்தாள். சிரிப்பு சரியாக வந்ததா? கொஞ்சம் நீண்டுவிட்டதா? மங்கை கழுத்தைத் திருப்பினாள், பிளாஸ்திரி ஒட்டிய பக்கம் தெரிந்தது, ஓரம் கொஞ்சம் பிரிந்து அழுக்கேறியிருந்தது. அங்கே பார்க்காதே. பார்க்காமல் இருப்பதும் தெரியும். சாதாரணமாக ஒரு மனுஷி எத்தனை தடவை இன்னொருத்தியின் கழுத்தைப் பார்ப்பாள்? அந்த அளவுக்குப் பார். சமையலறை வாசலில் தியாகு வந்து நின்றான், கையில் ஜல்லிக்கரண்டி. "சீலி, இன்னும் ரெண்டு பஜ்ஜி போடட்டா?" கண் மட்டும் வேறு எதையோ கேட்டது. அவனை மங்கை ஆச்சரியமாகப் பார்த்தாள். "பாருடி, மூணு மணிலேர்ந்து அடுப்படியைவிட்டு வரல. பஜ்ஜி போடறவன் மூஞ்சியா அது? என்னமோ திருட்டுத்தனம் பண்ணியிருக்கான். வண்டியை எங்கயாவது இடிச்சிருப்பான்." யூசுப் சத்தம் போட்டுச் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அறையில் நிஜமாகச் சிரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், தெரியாதவர்கள் இரண்டு பேர். தியாகுவும் சிரித்தான். ஜெயசீலியும் சிரித்தாள். நாலு பேரும் சிரித்த அந்த நேரத்தில் அவளுக்கு நாக்கில் திடீரென்று ஆரஞ்சு ருசி வந்தது.

அதை நினைக்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள், சொன்ன உடனே அது வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பதாம் வகுப்பு. திண்டுக்கல்லில் கான்வென்ட் விடுதி. சித்தப்பா வந்திருந்தார், கூட அவருடைய சிநேகிதர் ஒருவர். அப்பாவுக்கு லேசா உடம்பு முடியலை, உன்னைப் பாக்கணும்ங்கிறார், வா என்றார். மறுநாள் கணக்குப் பரீட்சை. அதற்குத் தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு குதித்து ஓடிவந்தாள். பஸ் நிலையத்தில் சித்தப்பா ஆரஞ்சு கலர் வாங்கித் தந்தார், ஜில்லென்று, மேலே வியர்த்த பாட்டில். கேட்காமலே இன்னொன்றும் வாங்கித் தந்தார். அதையும் குடித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள்; அந்தச் சிநேகிதர் ஜன்னலுக்கு வெளியே திரும்பி மூக்கைச் சிந்தினார், தூசி என்றார். திருச்சியில் இறங்கி பாலக்கரைத் தெருவுக்குள் திரும்பியபோது வீட்டுவாசலில் பந்தல். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். கேட்டாள். அதுதான். அப்பா போனதை மனசு எப்படியோ செரித்துவிட்டது, வயசானால் செரிக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை இன்றுவரை விழுங்க முடியவில்லை. தெருவே தெரிந்துகொண்டு நிற்கிறது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கூடச் சித்தப்பா கிசுகிசுத்திருப்பார், அவள் மட்டும் உதடெல்லாம் ஆரஞ்சாக, யாருக்குக் கல்யாணம் என்கிறாள். சித்தப்பா நல்லவர். பாவம், மூன்று மணி நேரமாவது பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் மங்கை மூன்றாவது பஜ்ஜியை எடுத்துச் சட்னியில் தோய்க்கிறாள், உப்பு கொஞ்சம் தூக்கல் என்கிறாள், எதற்கோ தொடையில் தட்டிச் சிரிக்கிறாள், அவளைச் சுற்றிலும் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் கேட்காமல், கயிற்றை இழுத்துக் கட்டி. அதில் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

"சீலி! தூங்கிட்டியா? நாங்க பாலத்துல நடந்துட்டிருக்கோம்." "நடங்க" என்றாள். "பாதி தூரம் வந்தாச்சு. காலுக்குக் கீழ கிர்ர்னு ஒரு அதிர்வு. முதல்ல காத்துன்னு நினைக்கறீங்க. காத்து இல்ல. பாலத்தோட அடிப்பக்கத்துலேர்ந்து ஒண்ணு மேல ஏறி வருது." இதை எழுதி வைத்தது போன வாரம். கரையான் ராணி. ஒரு தேர் அளவு. அன்றைக்கு எழுதும்போது ஆனந்தமாக இருந்தது, மங்கை இதைக் கேட்டு நாற்காலி நுனிக்கு வருவாள் என்று. இப்போது மங்கை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், கண் இரண்டும் மின்னுகிறது, ஜெயசீலிக்குத்தான் இதை எங்காவது தள்ளிவிட முடியுமா என்று இருக்கிறது. ராணி தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிடலாமா? செத்துக் கிடந்ததாக? அப்படிச் சொன்னால் மங்கை கண்டுபிடித்துவிடுவாள். யாராவது விட்டுக்கொடுத்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும், கல்லூரியில் இருந்தே அப்படி. கேரம் போர்டில் ஒரு தடவை தியாகு வேண்டுமென்றே தோற்றதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பகடைகள் உருண்டன. யூசுப்பின் அடி பலித்தது, ராணியின் ஒரு கால் முறிந்தது, ஆனாலும் அது நின்றது. மங்கை தன் தாளைப் பார்த்தாள், யோசித்தாள், கீழுதட்டை இழுத்து விட்டாள். "ஒண்ணு பண்றேன். என்கிட்ட கடைசியா ஒரு விஷப்புகை உருண்டை இருக்கு. நடுப்பாலத்துல உக்காந்து அதைக் கொளுத்தறேன். அது என்னைத் தாண்டி வராது. யூசுப், நீ ஓடிப் போயி மணியை அடி." "நீங்க?" "நான் அங்கயே இருப்பேன்." "டீச்சர், அந்தப் புகை உங்களையும்தானே கொல்லும்?" "கொன்னா கொல்லட்டும். யாராவது ஒருத்தர் உக்காரணும்ல?" இதைச் சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போய்வருகிறேன் என்பது போல. சமையலறையில் கரண்டி சட்டியின் விளிம்பில் நங்கென்று இடித்தது. "வேணாம்டி" என்று ஜெயசீலி சொல்லிவிட்டாள். கதை சொல்கிறவள் அப்படிச் சொல்லக்கூடாது. மங்கை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்? நீ எதுக்கு வேணாங்கற?" "இல்ல, வேற வழி இருக்கான்னு யோசிச்சுப் பாருன்னேன்." "யோசிச்சாச்சு. ஊமத்தை உக்காந்துட்டா. கொளுத்திட்டா." அவளே தன் கையால் பகடையை உருட்டினாள். புகை பலித்தது, ராணி தடுமாறி நின்றது. புகை ஊமத்தையையும் பிடித்தது, அவள் பாலத்தின் நடுவில் குப்புற விழுந்தாள்.

விழுந்தவருக்கு ஒரு விதி உண்டு. உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்பதற்கு ஜெயசீலி அட்டைக்குப் பின்னால் பகடை உருட்டுவாள், இருபது முகமுள்ள பச்சைப் பகடை. பத்தோ அதற்குக் கீழோ வந்தால் அந்த ஆள் கதையில் இல்லை. எண்ணை அவள் மட்டும் பார்ப்பாள், கூட வந்தவர் யாராவது போய்த் தொட்டுப் பார்க்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். விழுந்து கிடப்பவருக்கே தெரியாமல் இருந்தால் ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும் என்று அவளே போட்ட விதி. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தது அப்போது. பகடையை எடுத்தாள். பிளாஸ்டிக் கை வேர்வையில் வழுக்கியது. இது வெறும் பகடை, வெளிநாட்டு வேலைக்குப் போன ஒரு பையன் விட்டுப்போன பிளாஸ்டிக், இதற்கும் ஒரு மனுஷியின் கழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் கிடையாது என்று தெரிந்துகொண்டே வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஓடத் தொடங்கியது, பாதியில் நிறுத்தினாள், பாதியில் நிறுத்தினால் கெடுதலோ என்று முடித்தாள், உருட்டினாள். அது அட்டையில் மோதித் திரும்பி, வரைபடத்தின்மேல் ஒரு தடவை ஊசலாடி, நின்றது. மூன்று. இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றை வேறு எதுவாகவும் படிக்க முடியாது, மூன்று என்றுதான் படிக்க முடியும். பக்கத்து முகத்தில் பதினேழு, சாய்வாக, கூப்பிடு தூரத்தில். சுண்டுவிரல் பட்டால் போதும். சுண்டுவிரல் கூட வேண்டாம், வாய் போதும். பதினேழு என்று சொன்னால் பதினேழு. யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. "மணி எல்லாம் கெடக்கட்டும்" என்று யூசுப் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான், "நான் திரும்பி ஓடறேன், டீச்சர்கிட்ட வர்றேன். தொட்டுட்டேன். சீலிக்கா, தொட்டுட்டேன், சொல்லுங்க."

சொல்ல வேண்டும். பதினேழு. ஊமத்தைக்கு மூச்சு இருக்கிறது. மங்கை கையைத் தட்டுவாள், தியாகு உள்ளே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வான், இன்னும் ஒரு தட்டு பஜ்ஜி வரும், சாயங்காலம் ஆகும், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்து பார்த்துக்கொள்வார். ஆனால் செவ்வாய்க்கிழமை மங்கை திரும்பிப் பார்ப்பாள். அவளுக்குக் கணக்கு வரும், பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி போட்டான். ஞாயிற்றுக்கிழமை சீலிக்கு வெயில். ஞாயிற்றுக்கிழமை பதினேழு. அப்போது அந்த மூன்றாவது பஜ்ஜி அவள் வாயில் எப்படி ருசிக்கும் என்று எனக்குத் தெரியும், இந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். சரி, மூன்று என்று சொன்னால்? வாயால், அவள் முகத்தைப் பார்த்து, நீ செத்துவிட்டாய் என்று, இந்த ஒரு நாளில்? அது பலித்துவிட்டால்? பலிக்காது, முட்டாள், பலிக்கிறதற்கு இது என்ன. ஆனால் பலித்தால்? நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, நான்தான் சொன்னேன், என் வாயால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தால்? ஃபேன் டக்கென்றது. கீழே தெருவில் யாரோ ஆட்டோவை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. மங்கை அட்டையைப் பார்க்கவில்லை, பகடை எங்கே என்று தேடவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஜெயசீலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொறுமையாக, கரும்பலகையில் தடுமாறும் ஒரு பிள்ளையைப் பார்ப்பது போல. பதினேழு என்பதற்காக ஜெயசீலியின் உதடு சேர்ந்தது. 'ப' வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. "மூணு" என்றாள்.

"என்ன மூணு?" என்றான் யூசுப். "மூணுதான் விழுந்துச்சு. ஊமத்தை போயிட்டா." சொல்லி முடிக்குமுன் "சீலி!" என்று சமையலறை வாசலிலிருந்து ஒரு கத்தல். மேசையில் இருந்த பகடையெல்லாம் அதிர்ந்தது போல இருந்தது. தியாகு நின்றுகொண்டிருந்தான், முகம் கோணி, கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "உன்கிட்ட என்ன சொன்னேன் நான்? ஒரு நாள்... ஒரே ஒரு நாள் கேட்டேன்..." அப்புறம்தான் அவனுக்கே தன் குரல் கேட்டது. நிறுத்திக்கொண்டான். மங்கை மெதுவாகத் திரும்பினாள். "நீ ஏன் கத்தற?" அவன் கரண்டியைப் பார்த்தான். "இத்தனை வருஷமா இங்க விளையாடறோம். இதுல யாரு ஊமத்தைன்னுகூட உனக்குத் தெரியாது. அவ செத்தா நீ ஏன் கத்தற தியாகு?" யூசுப்பின் சிரிப்பு பாதி முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. மங்கையின் கை தானாகக் கழுத்துக்குப் போய், பிளாஸ்திரியின் பிரிந்த ஓரத்தை அழுத்தி ஒட்டியது. பிறகு ஜெயசீலியின் பக்கம் திரும்பினாள். "ரிப்போர்ட் வந்துடுச்சா?" "புதன்கிழமைதான்னு..." என்று ஆரம்பித்தான் தியாகு. "உன்னைக் கேக்கல. சீலி, வந்துடுச்சா?" "வந்துடுச்சு." "என்ன?" ஜெயசீலி தியாகுவைப் பார்த்தாள். அவன் சொல்லியிருக்க வேண்டும். அவன் சுவரில் சாய்ந்து தலையை ஆட்டினான், வேண்டாம் என்றா, நீயே சொல்லிவிடு என்றா, தெரியவில்லை. "லிம்போமான்னு போட்டிருக்காம். மருந்து இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். குணமாக்கலாம்னு சொன்னாராம். ஆனா உடனே ஆரம்பிக்கணும்." ஒரு சொல்லைக்கூட விடவில்லை, ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. முடித்த பிறகுதான் தன் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது.

எல்லாரையும்விட நிதானமாக இருந்தது மங்கைதான். "யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். தியாகு தரையைப் பார்த்துச் சொன்னான்: "உங்க அண்ணனுக்கு. அம்மாவுக்கு. சீலிக்கு." "அவ்வளவுதானா?" "வீட்டுக்காரருக்கு." "வீட்டுக்காரருக்கா?" "செவ்வாய்க்கிழமைக்குக் கார் கேட்டேன். எதுக்குன்னு கேட்டார்." மங்கைக்குச் சிரிப்பு வந்தது. "வாடகை வாங்க வர்றவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் கழுத்து." அப்போதுதான் எண்ணெய் கருகும் நெடி வந்தது. யாரும் அசையவில்லை. மங்கையே எழுந்து போனாள், அடுப்பை அணைத்தாள், சட்டியை இறக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் குழாயைத் திறந்துவிட்ட சத்தம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயசீலி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகலாமா? போனால் என்னைத் தள்ளுவாளா? காலையிலேயே தெரிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்து என் பஜ்ஜியைத் தின்றாயே என்பாளா? சொன்னது சரியா? சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று எங்கேயோ ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. பயம் எங்கும் போகவில்லை. இவ்வளவு நேரம் ஒளிந்து நின்ற பயம் இப்போது நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. தியாகு உள்ளே போனான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, ஒரு தடவை மங்கையின் குரல் உயர்ந்தது, "நாளைக்குக் காலையில போறோம், செவ்வாய்க்கிழமை இல்ல, யார் காரும் வேணாம், ஆட்டோல போறோம்", அப்புறம் அவன் அழுவது கேட்டது, அவள் அழுவது கேட்கவில்லை. குழாய் நின்றது.

அவள் வெளியே வந்தபோது முகம் முழுக்கத் தண்ணீர், முன்மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. மேசைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெயசீலியைப் பார்த்து, "உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்றாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று ஜெயசீலி தேடினாள், கிடைக்கவில்லை, கோபம் இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள். யூசுப் பகடைகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான், கண்ணெல்லாம் சிவந்து. "எங்க கிளம்பற?" "வீட்டுக்கு டீச்சர். நீங்க... நீங்க ரெஸ்ட் எடுங்க." "உக்காரு. நீ நடுப்பாலத்துல நிக்கற. என்னைத் தொட்டுப் பாத்தாச்சு, செத்துட்டேன்னு தெரிஞ்சாச்சு. அந்த ராணி இன்னும் புகைக்கு அந்தப் பக்கம் நிக்குது. புகை எவ்வளவு நேரம் தாங்கும்? ஓட வேணாமா?" "என்னால முடியாது டீச்சர்." "முடியும். நான் எதுக்கு அங்க உக்காந்தேன் பின்ன?" மங்கை அவன் பையிலிருந்து பகடை ஒன்றைத் தேடி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் விரல் இன்னும் ஈரமாக இருந்தது. தியாகு வந்து நின்றான். கொஞ்சம் தயங்கி, ஒரு ஸ்டூலை இழுத்து மங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான், இந்த மேசையில் அவன் உட்காருவது இதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யூசுப்பிடம் கேட்டான்: "இதுல நீ யாரு?" "இரும்பன், அண்ணே." "ஓ." மங்கை அவன் பக்கம் திரும்பவில்லை, ஆனால் ஸ்டூலுக்கு இடம்விட்டு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். யூசுப் பகடையை உருட்டினான், பதினொன்று. "ஓடறேன்" என்றான், குரல் உடைந்து. எல்லாரும் ஜெயசீலியைப் பார்த்தார்கள். அவள் குறிப்பைப் புரட்டினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்தக் கோபுரத்தையும் மணியையும் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்று அவ்வளவு தூரம் போவோம் என்று அவள் நினைக்கவே இல்லை. அட்டைகளை மடக்கித் தரையில் வைத்தாள், வைத்ததும் மேசை திடீரென்று பெரிதாக, வெறிச்சென்று தெரிந்தது. "மணியைத் தவிர அந்தக் கரையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலடி" என்றாள். "நான் அதுவரைக்கும் யோசிக்கல."

"அப்ப இப்ப யோசி" என்றாள் மங்கை. "இங்கதானே உக்காந்திருக்கேன்."